மொத்தக் குழுவுக்கும் காய்ச்சல்

அந்த அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கம்பெனி எங்கே அனுப்புகிறதோ அங்கே குடும்பமும் மூட்டை கட்டும். அந்த வருடம் இந்த ஊர்.

புதுசுக்கு வாய் அதிகம் கிடையாது. முதல் நாள் வகுப்பு வாசலில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது, கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த ஒருத்தி தன் பையை நகர்த்தி இடம் விட்டாள். அவள் பெயர் சோடாபுட்டி. அத்தனை தடிமனான கண்ணாடி போட்டும் கரும்பலகை அவளுக்குத் தெரியாது. முன்னால் உட்கார்ந்தால் ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் பின்னாலேயே காலம் தள்ளினாள். புதுசு பலகையில் உள்ளதை மெல்லிய குரலில் படிப்பாள், சோடாபுட்டி எழுதிக்கொள்வாள். வேறு பேச்சு அதிகம் இல்லை. இருந்தும் புதுசுக்கு ஐந்து ஊர்களில் கிடைக்காத சிநேகிதி அவள்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் புதுசு ஃபெயில். பழைய பள்ளியில் முக்கோணவியலே தொடங்கவில்லை. அது பெரிய விஷயமில்லை, வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஃபெயில்தான். அந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த புதுப் படிவம்தான் வினையாகிவிட்டது. தேர்ச்சி விகிதத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருந்தார்கள். நடந்து வருவோர், பேருந்தில் வருவோர், கண்ணாடி அணிவோர், புதிதாகச் சேர்ந்தோர். எல்லாமே சதவீதத்தில். எத்தனை பேர் என்று எழுதக் கட்டமே இல்லை.

வகுப்பில் கண்ணாடி அணிந்தவள் சோடாபுட்டி மட்டும். அவள் தேறியிருந்ததால் அந்தக் குழுவுக்கு நூறு சதவீதம். தலைமையாசிரியை அதைப் பெருமையாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட, மறுநாளே இரண்டு பையன்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தூணில் முட்டிக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்தவள் புதுசு மட்டும். அந்தக் குழுவுக்குப் பூஜ்யம். அலுவலகம் அதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியது: 'இக்குழு முழுமையாகப் பின்தங்கியுள்ளது. உடனடி நடவடிக்கை தேவை.'

தலைமையாசிரியை தன் சர்வீஸிலேயே சிவப்புச் சுழி வாங்கியதில்லை. புதுசை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். எப்போது திரும்பிப் போகலாம் என்று புதுசு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"குழு பாஸாகட்டும்மா. அப்புறம் நீ எங்க வேணா உக்காரு."

அன்றிலிருந்து ஆசிரியர்கள் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கோபுரத்தின் உயரம் காணும் கணக்கைக் கணித ஆசிரியர் சூத்திரத்தால் விளக்கினார். ஓவிய ஆசிரியர் கோபுரத்தை வரைந்து, மேலே இரண்டு காக்காவையும் உட்கார வைத்தார். விளையாட்டு ஆசிரியர் கொடிக்கம்பத்தின் நிழலை அளக்க வெயிலில் ஓடவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அரங்கில் குழுக் கூட்டம் நடந்தது. குழுத் தலைவராக அவளை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டிலும் விடவில்லை. சாப்பாடு கட்டும்போது அம்மா, "குழுவுக்கு இது போதுமாடி?" என்பாள்.

நிழல் அளந்ததில் வந்த காய்ச்சலில் புதுசு ஒரு நாள் லீவு போட்டாள். குழுவின் வருகை பூஜ்யம் என்று அலுவலகத்துக்குப் போனது. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்களா என்று கேட்டு மதியமே போன் வந்தது. காய்ச்சல் என்றார் தலைமையாசிரியை. மொத்தக் குழுவுக்குமா என்று அதிகாரி பதறிப்போனார்.

அடுத்த வாரம் அவரே நேரில் வந்துவிட்டார். அரங்கில் வரிசை வரிசையாக நாற்காலி. நடுவில் புதுசு.

"மத்தவங்க எங்க?"

"இவதான் சார் எல்லாரும்," என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி புதுசைப் பார்த்தார். கையிலிருந்த நான்கு பக்க உரையைப் பார்த்தார். தயார் செய்ததை வீணாக்க மனம் வரவில்லை போலும். "அன்பார்ந்த மாணவ மாணவியரே" என்று தொடங்கி முழுவதையும் படித்து முடித்தார். புதுசு எல்லோர் சார்பிலும் தலையாட்டினாள். பிறகு அவர் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

"குழுவுக்குள்ள ஏதாவது சண்டை, மனஸ்தாபம்?"

புதுசு யோசித்தாள். பின் பெஞ்சுக்கு ஓடிப் போய்விடலாம் என்று ஒரு மனசும், ஃபெயிலானால் அதுவும் கிடைக்காது என்று ஒரு மனசும் தினமும் மல்லுக்கட்டுவது உண்மைதான்.

"அப்பப்ப சார்," என்றாள்.

அவர் குறித்துக்கொண்டார்.

அரையாண்டுத் தேர்வில் புதுசு கணக்கில் தேறினாள். கோபுரக் கணக்கு வந்திருந்தது. காக்காவோடு வரைந்துவைத்தாள். குழு பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏறியதற்கு அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. புதுசு அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. வகுப்பு வாசலிலிருந்தே பையோடு ஜன்னலோர பெஞ்சுக்கு ஓடினாள்.

பெஞ்சு காலியாக இருந்தது.

சோடாபுட்டி முதல் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பலகையைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் அவள் கணக்கில் ஃபெயில். கண்ணாடி அணிவோர் குழு நூறிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. கடிதத்தின் அடுத்த பக்கத்தில் சிவப்புச் சுழி. ஓவிய ஆசிரியர் கலர் சாக்பீஸோடு வாசலில் காத்திருந்தார்.

புதுசு ஜன்னலைப் பார்த்தாள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லியிருந்தார்கள். முன்னால் நடந்துவந்து சோடாபுட்டியின் பக்கத்தில் நின்றாள். சோடாபுட்டி தன் பையை நகர்த்தினாள்.

எதிரே வந்த தலைமையாசிரியையிடம் புதுசு தானாகவே வாயைத் திறந்தாள். "இவளுக்கு நான் சொல்லிக்குடுக்கறேன் மிஸ். ஓவிய சார் வேணாம்."

தலைமையாசிரியை கூட்டப் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'இரு குழுக்களின் கூட்டுக் கூட்டம். வருகை நூறு சதவீதம்.'

கணித ஆசிரியர் வந்து பலகையில் எழுதத் தொடங்கினார். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகப் பலகையைக் கிட்டத்தில் பார்த்தாள். புதுசின் காதருகே குனிந்தாள்.

"சாரோட எழுத்து இவ்ளோ கோணலாடி? நீ படிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு."