நடுரோட்டில் இறங்கியவள்

கார் வாங்கிய நாளிலிருந்து, காலை விடிந்தாலே அவளுக்கு வேலைக்குக் கிளம்பப் பிடிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கணவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. இருவரும் புறநகரிலிருந்து ஒரே திசையில்தான் போகவேண்டும். "இனிமே ரயில்ல நசுங்க வேணாம், மகாராணி மாதிரி வா" என்று அவன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டியபோது, அவளும் சிரித்துக்கொண்டுதான் ஏறினாள்.

மகாராணி காதில் விழுந்ததெல்லாம் வசவு. குறுக்கே வந்த பைக்காரன், ஊர்ந்த லாரிக்காரன், சிக்னல் வைத்தவன், சாலையைத் தோண்டியவன் என்று ஒருவரையும் அவன் பாக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு வசவும் முடிந்ததும் அவள் பக்கம் திரும்புவான். "நீயே சொல்லு, நான் சொல்றது தப்பா?" அவள் "இல்லீங்க" என்று சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பாட்டு. போய்ச் சேரும்போது தலை வெடிக்கும். தாமதம் வேறு.

அன்று பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. கூட வேலை செய்கிற பெண் போன் செய்தாள். "அக்கா, எங்க இருக்கீங்க? கீழ விழுந்த பெரியவர் ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்லயே கிடக்கறாரு. இங்க மெஷின் பக்கத்துல யாருமே இல்ல."

"இதோ வந்துட்டேன்மா" என்று பொய் சொல்லி வைத்தாள். சாலையை ஒட்டிய தண்டவாளத்தில் ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போனது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கார் இவர்கள் கண்ணாடியில் உரசியது. இவன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். அந்தக் காரை ஓட்டி வந்தவனும் குதித்தான். வழி கொஞ்சம் திறந்தும் இரண்டு பேரும் நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"ஏங்க, விடுங்க. எனக்கு லேட்டாகுது."

"நீ சும்மா இரு! ரோட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், எங்க போற?"

"வேலைக்கு."

"நாலு பேர் பாக்கறாங்க, மானம் போகுது!"

"நாலு பேர் இல்ல, ரோடே பாக்குது. மானம் இருந்தா முதல்ல வண்டிய நகத்துங்க!"

சண்டைக்கு வந்தவன் சண்டையை மறந்து, ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்துபோய், ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பெரியவருக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. உதட்டைக் கடித்தபடி, "பரவாயில்லம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மாலை வீட்டுக்கு வந்ததும் அவன் ஆரம்பித்தான். "நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டியே. உனக்காகத்தானே கார் வாங்கினேன்?"

"எனக்காகவா? ரயில் வேணாம்னு நான் என்னிக்குச் சொன்னேன்? நீங்க ஊரைத் திட்டறதுக்கு ஆமா போட ஒரு ஆள் வேணும், அதுக்கு நான்! அங்க ஒரு மனுஷன் எலும்பு உடைஞ்சு துடிக்கறாரு, இங்க நான் கண்ணாடிக் கீறலுக்குக் காவல் இருக்கேன். நாளையிலிருந்து நான் ரயில். நீங்க உங்க காரோட பேசிக்கிட்டே போங்க."

அவன் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கீறலைத் துடைக்கப் போனான்.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினாள். ரயில் பாதி வழியில் காரணம் சொல்லாமல் நின்றது. யாரோ ஒருவரின் டிபன் டப்பா முதுகில் குத்தியது. ரயில்வேக்காரர்களின் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டி முடித்ததும் யாரும் அவளிடம் ஆமா கேட்கவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

ரயில் இன்னும் நகராமல் நிற்கும்போதே போன் அடித்தது. அவன்தான். "ரயில் நின்னுடுச்சாமே? நான் அப்பவே சொன்னேன்ல?"

"நின்னா என்ன? நான் வேலைக்கு வந்து சேந்தாச்சு" என்று கூசாமல் சொல்லி, போனை வைத்தாள்.