அரக்குக்குள் இருந்த கை

எங்கள் வீட்டுக் கத்தியை யாரும் தேய்த்துப் பளபளப்பாக்கியதில்லை. நான் விட்டதும் இல்லை. மாதம் ஒருமுறை மெல்லிய துணியில் மிஷின் எண்ணெய் தொட்டு, அலகின் முதுகிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே போக்கில் துடைப்பேன். பிறகு பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். தோலுறையில் போட்டுவைத்தால் தோல் இரும்பைத் தின்னும். இது தெரியாதவர்கள் பழைய கத்தி வைத்திருக்க வேண்டியதில்லை.

அலகு கறுத்து, கறுப்புக்குள் நீலம் ஓடி, மழைக்கு முந்தைய வானம் மாதிரி இருக்கும். பிடியை ஒட்டி, கத்தி அடிக்கும் கொல்லராக இருந்த தாத்தாவின் பிறை முத்திரை. சன்னலோரம் பிடித்துப் பார்த்தால் அந்த வானத்தில் பிறை மெல்ல நகர்வதுபோல் தோன்றும். அதைப் பார்த்தே எத்தனையோ மதியங்கள் கரைந்திருக்கின்றன.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்ததும் அந்த முத்திரைக்காகத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தாவின் பெயர் இருக்க வேண்டும்; அது ஒன்றுதான் என் நிபந்தனை. பரிசோதித்துச் சான்று எழுத வந்தவருக்கு, வாசலிலேயே தம்பி 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டான்.

பூதக்கண்ணாடி கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கத்தியைக் கிடத்தினார். அலகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"நல்லவேளை, இந்தக் கறுப்ப யாரும் சுரண்டலம்மா," என்றார் கடைசியில். "நிறைய வீட்ல பாசம் அதிகமாகி, பொடி போட்டுத் தேய்ச்சு முத்திரையையே அழிச்சுடறாங்க."

"அக்கா எங்களத் தொடவே விட்டதில்ல சார்," என்றான் தம்பி. "என் வீட்டுக்காரி ஒரு தடவ காய் நறுக்க எடுத்துட்டா. ஒரு வாரம் அவகூடப் பேசல."

"ரெண்டு வாரம்," என்றேன்.

பிடி லேசாக ஆடியது. கொம்புப் பிடிக்குள் நிரப்பியிருந்த அரக்கு காய்ந்துபோயிருந்தது. பிடியைக் கழற்றி, உள்ளே துரு இருந்தால் எடுத்துவிட்டு, புது அரக்கு வைக்க வேண்டும் என்றார்.

"தாத்தா வச்ச பிடி. கழட்டக்கூடாது."

"கழட்டலேன்னா உள்ளேருந்தே அரிச்சிடும்மா. வெளியில கண்ணுக்கே தெரியாது."

சரி என்று தலையசைத்தேன். சூடான துணியைப் பிடியைச் சுற்றி அழுத்திக்கொண்டு அவர் காத்திருந்தார். அரக்கு இளகி, இனிப்பும் புகையும் கலந்த ஒரு வாசனை கிளம்பியது. கூடம் கொஞ்சம் விலகிப் போனது. மூச்சுவிடும் தணல், தணலுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம்.

பிடி நழுவி வந்தது. உள்ளே மறைந்திருந்த இரும்புக் காம்பு நேற்றுத்தான் அரம் போட்டதுபோல் இருந்தது. அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தாத்தாவுக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்லை."

"அரம் இழுத்த கோடெல்லாம் எதிர்ப்பக்கம் சாயுதும்மா. முதுகுல இருக்கிற பூவேலையும் அப்படித்தான். அவரோட மத்த கத்திங்கள நான் பார்த்திருக்கேன், எதுலயும் இப்படி இல்ல. முத்திரை அவரோடது. கை வேற."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தாத்தாவின் தங்கை. எல்லாத் தலைமுறைக்கும் அவள் பீச்சாங்கை அத்தைதான். பட்டறையில் துருத்தி இழுத்தவள் என்பதற்கு மேல் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சில்லை. சிறு வயதில் என் இடது கை எதற்கு நீண்டாலும், "அத்தை மாதிரி ஆகாதே" என்று அதட்டல் விழும். தணலோரம் அவள் குனிந்து எதையோ இழைத்துக்கொண்டிருப்பது என் கண்முன் பலமுறை வந்திருக்கிறது. கனவு என்றே நினைத்திருந்தேன்.

"முத்திரை தாத்தாவோடதுதானே சார்," என்றான் தம்பி. "அவர் பேரையே போட்டுடுங்க. கண்ணாடிக்கு வெளிய நிக்கிறவன் பிடியக் கழட்டியா பார்க்கப்போறான்?"

"போடலாம். பட்டறை அவரோடதுதான். இல்லேன்னா, 'செய்தவர் தெரியவில்லை'ன்னு போடணும். அம்மா சொல்லட்டும்."

"தாத்தா பேர் வேண்டாம்," என்றேன்.

"என்னக்கா, அதுக்காகத்தானே இத்தன நாள் காவல் காத்த?"

"நம்ம வீட்டுப் பேருக்காகக் காத்தேன். இரவல் பெருமை இந்த வாசப்படி ஏறினதில்லடா. தாத்தாவுக்கு அவர் செஞ்ச கத்திங்க போதும். தெரியலன்னும் போடக்கூடாது. யாருன்னு தெரியும். அவர் தங்கச்சி."

"பீச்சாங்கை அத்தையா? அவங்க நிஜப் பேரு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எல்லாரும் உன்ன மாதிரி பட்டப்பேர் வச்சே காலத்த ஓட்டல."

பெயரைச் சொன்னேன். பூதக்கண்ணாடி எழுதிக்கொண்டு, சரியா என்று காட்டினார். சரியாக இருந்தது.

பிறகு புது அரக்கை உருக்கி ஊற்றிப் பிடியைப் பொருத்தினார். இறுகும்வரை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். தம்பி கை நீட்டினான். அதற்குள் என் கை போய்விட்டது. எந்தக் கை என்று பார்த்தவன் தன் கையை மடக்கிக்கொண்டான்.

கொம்பின் சூடு மெல்ல உள்ளங்கையில் ஏறியது. சன்னல் வெளிச்சத்தில் பிறை நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதட்டவில்லை.