ரீஸ்டார்ட் செய்யாத சர்வர்

1

இந்தக் கதை ஒற்றை வரிச் செய்தியிலிருந்து பிறந்தது. கணினி முழுவதையும் ஆட்டிவைக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் ஓர் ஓட்டை. சாதாரண லாகின் உள்ள எவரும் உள்ளே உட்கார்ந்தபடியே மொத்தத்தையும் ஸ்தம்பிக்க வைக்கலாம். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருட்டு இல்லை, வெளியாளும் இல்லை. நின்றுவிடும், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ‘வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒருவன், பழிவாங்கும் வெறியோடு...’

வேண்டாம். வில்லன் வந்தால் நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.

3

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி. போன், முகவரி, வண்டி எல்லாம் ஒரே சர்வரில். அதைப் பார்த்துக்கொள்பவள் ஓவியா. ஆயுத பூஜையன்று காலை, ஓட்டையை அடைக்கும் பேட்ச்சைப் போட்டு முடித்தாள். ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலைக்கு வரும். அதற்குள் முதலாளி லோகநாதன் சர்வருக்குக் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார்.

“பூஜை போட்டத இன்னிக்கு ஆஃப் பண்ணக்கூடாதும்மா. நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பாத்துப் பண்ணிக்கலாம்.”

“சரி சார். உள்ள இருக்கறவங்கதானே அந்த ஓட்டைய வெச்சு எதுவும் பண்ண முடியும்? எல்லாம் நம்ம ஆளுங்கதான்.”

(இங்கே அவளை வாதாட விடலாமா என்று யோசித்தேன். அவள் கையில் பொரிப் பொட்டலம் இருந்தது. நானும் தலையாட்டித்தான் இருப்பேன்.)

4

மாலை டூட்டிக்கு வந்த சக ஊழியன் சாலமன், பேட்ச் போட்டாயிற்று என்ற ஓவியாவின் மெசேஜைப் பார்த்தான். பொறுப்பானவன். ஓட்டை நிஜமாகவே அடைபட்டதா என்று பார்க்க, அந்த ஓட்டை வழியாகவே சர்வரைத் தாக்கிப் பார்க்கும் சோதனை நிரலை ஓட்டினான்.

திரை உறைந்தது. போன் லைன்களும் செத்தன.

“இன்னா ஓவியா இது, எதுவுமே நகர மாட்டேங்குது! பேட்ச் போட்டாச்சுன்னு நீதானே சொன்ன?”

“போட்டேன்... ரீஸ்டார்ட் பண்ணல சாலமன்.”

போன் எடுக்கும் ஜீவிதா ஹெட்செட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, ஒரு அம்மாவுக்கு மூச்சுத்திணறலாம். பெருங்களத்தூர்னாங்க. தெரு பேரு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு. நம்பரும் சேவ் ஆகல.”

ஓவியா ஓடினாள். மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு சர்வரின் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள்.

5

ஒரு முடிவு: சர்வர் எழுந்ததும் அதே குரல் மறுபடி கூப்பிடுகிறது.

கோடு போட்டு அடித்துவிட்டேன். அது என் ஆசை.

இன்னொரு முடிவு: லைன்கள் வந்துவிட்டன. மூவரும் காத்திருக்கிறார்கள். யாரும்...

இதையும் என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. பெருங்களத்தூரில் உங்களுக்கு யாராவது இருந்தால், முதலில் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்தார்களா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.