பானெட்டில் விழுந்த குழி

கோதன்பர்க் நகரத்தில் ஒரு கார் கம்பெனியில், அடிபடுகிறவர்கள் பிழைக்கும்படி காரை வடிவமைப்பதுதான் ஸ்டீனாவுக்குப் பதினாறு வருஷ வேலை. சாலையில் அடிபடுகிறவரின் தலை பெரும்பாலும் போய் மோதுவது எஞ்சினை மூடும் பானெட்டில். தகடு நசுங்கிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். தகட்டோடு போய் அடியிலிருக்கும் எஞ்சினில் இடித்தால் அவ்வளவுதான். அதனால் நடுவில் இடைவெளி கிடைக்க, புதுக் காரின் பானெட்டை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்லி, காரின் தோற்றத்துக்குப் பொறுப்பான ஹால்வாரோடு அவள் ஒரு வருஷம் மல்லுக்கு நின்றாள். தவளை மாதிரி இருக்கும் என்று அவன் முறுக்கிக்கொண்டான். கடைசியில் வேண்டாவெறுப்பாகத்தான் ஒத்துக்கொண்டான்.

கார் விற்பனைக்கு வந்த நான்காம் மாதம், மழை பிசுபிசுத்த ஒரு நவம்பர் பிற்பகலில் தகவல் வந்தது. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தபால்காரர் ஒருவர்மேல் அந்தக் கார் மோதிவிட்டதாம். விபத்தை ஆராயும் குழுவோடு ஸ்டீனாவும் கிளம்பினாள். யாரும் கூப்பிடாமலே ஹால்வாரும் ஏறிக்கொண்டான்.

ஆளை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். ஈரத் தரையில் கடிதங்கள் ஒட்டிக் கிடந்தன. பானெட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி. ஸ்டீனா பானெட்டைத் திறக்கப் போய், திறக்காமல் விலகி நின்றாள். ஹால்வார்தான் திறந்து, உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"எஞ்சின்ல ஒரு கீறல்கூட இல்ல, ஸ்டீனா. இடிக்கல. அன்னைக்கு நான் ஜெயிச்சிருந்தா..." என்று பானெட்டை மூடினான்.

ஆனால் ஆள் என்ன ஆனார்? சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்வோம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அன்றிரவு காபியைத் தவிர அவள் எதுவும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை விபத்துக் குழுவில் காயம்பட்டவர்களிடம் பேசும் நர்ஸ் போன் செய்தாள். தபால்காரரே பார்க்க வரச் சொல்கிறாராம்.

காலில் மாவுக்கட்டு, நெற்றியில் ஏழு தையல். தபால்காரர் தோர்வால்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மூடியச் செஞ்சது நீங்கதானா?"

அவள் தலையாட்டினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. எங்க வீட்டுக் கட்டிலே அதைவிடக் கல்லு மாதிரி இருக்கும். பம்பரையும் கொஞ்சம் மெத்துனு வச்சிருந்தா காலும் தப்பிச்சிருக்கும்."

"வாய்க்குத்தான் ஒண்ணும் ஆகல, பாருங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

ஸ்டீனா சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பம்பர் முதலில் காலில் எந்த இடத்தில் பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

பிறகு கீழே கேன்டீனுக்குப் போய், உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசி அடங்கவில்லை. எழுந்துபோய் இன்னொரு தட்டு வாங்கிவந்தாள்.