பெல்ட்டை அளந்தவள்

அந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரின் இடுப்பையும் அளந்தவள் ஊல்கான். நாரின் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த மலையூரின் சுகாதார நிலையத்துக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக மாவட்டத்திலிருந்து ஒரு டேப்பும் கட்டுக் கட்டாக அட்டைகளும் வந்திருந்தன. ஆணுக்கு இடுப்பு நூற்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் அட்டையில் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊல்கான் கறாரானவள். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் ஆட்டுக்காரர்கள் அவளிடம் தப்ப முடியாது.

"மூச்ச விடுங்கண்ணே. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல அளக்கணும், பெல்ட் போடுற எடத்துல இல்ல. தொந்திக்குக் கீழ பெல்ட்ட மாட்டிக்கிட்டு நான் ஒல்லின்னா, கல்லீரல் நம்பாது" என்பாள். பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். மூன்றாம் நாள் அவளுடைய மாமனார் எசெனாலி வந்தார். குதிரைப் பண்ணையில் முப்பது வருஷம் இருந்தவர், மது ஒரு சொட்டுத் தொடாதவர். செம்மறியாட்டு வால்கொழுப்பும் சர்க்கரை போட்ட தேநீரும் இருந்தால் போதும், வேறு ஆசை கிடையாது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அட்டையைப் பார்த்துக் கூப்பிடப் பக்கத்து வீட்டு பாத்மாவைத்தான் நிறுத்தியிருந்தாள் ஊல்கான்.

"எசெனாலி ஐயா, வாங்க! மருமவ முன்னால தராசுல ஏறுங்க" என்று பாத்மா கத்தினாள்.

உயரம் பார்த்தாயிற்று. எடை பார்த்தாயிற்று. டேப்பைக் கையில் எடுத்த பிறகுதான் ஊல்கானுக்கு உறைத்தது. முதுகுப்பக்கம் சுற்றி எடுக்க இரண்டு கைகளாலும் அவரை வளைத்தாக வேண்டும், கன்னம் அவர் மார்பில் உரசும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவருக்கு முதுகு காட்டிக்கூட நடக்காதவள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நீளவில்லை.

எசெனாலிக்கும் காது சிவந்துவிட்டது. சட்டென்று பெல்ட்டை உருவி மேஜைமேல் வைத்தார்.

"இத அளந்துக்கம்மா. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த மனிதர் பெல்ட்டைத் தொந்திக்குக் கீழேதான் போடுவார். கண்ணால் பார்த்தாலே நூற்றுப் பத்துக்குக் குறையாது. டேப்பை அவர் கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொல்லியிருக்கலாம். கணவன் தலாயை வரவழைத்திருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு தோன்றிய யோசனைகள். அந்த நிமிஷம், தேய்ந்த ஓட்டைவரை பெல்ட்டை அளந்து, தொண்ணூற்றேழு என்று எழுதினாள். கோடு போடவில்லை.

"மருமவன்னா இப்படில்ல இருக்கணும்" என்றது பெஞ்சு. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு குளிர்காலம் போனது. எசெனாலிக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளானது, வயிறு தண்ணீர் கோத்துக் கெட்டியானது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"கல்லீரல் சுருங்கிப்போச்சு. அப்பவே வந்திருந்தா எடையக் குறைக்க வெச்சு, இந்த அளவுக்குப் போகாம தடுத்திருக்கலாம். தொண்ணூத்தேழுன்னு எழுதியிருக்கு. இவருக்கா? எந்தப் புத்திசாலி அளந்தது?"

"நான்தான்" என்றாள் ஊல்கான். தலாய் அவளைத் திரும்பிப் பார்த்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைக்குக் கேள்வி எதற்கு?

வீட்டுக்கு நலம் விசாரிக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஊல்கான் தேநீர் ஊற்றிக் கொடுக்க, தலையணையில் சாய்ந்தபடி எசெனாலி எல்லாரிடமும் அதே கதையைச் சொன்னார்.

"ஊரையே அளந்தா. எங்கிட்ட மட்டும் தலை குனிஞ்சு நின்னுட்டா! இந்தக் காலத்துல எவ அப்படி நிப்பா? கடவுள் இவளுக்கு நெறைய குடுக்கட்டும்" என்று அவர்கள் வழக்கப்படி இரு கைகளையும் தன் முகத்தில் தடவி ஆசீர்வதித்தார். வந்தவர்களும் கூடவே தடவிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆசீர்வாதமும் அவளுக்கு அறையாக விழுந்தது. நான்காவது நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. வந்தவர்கள் போனதும் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"அத்தா, அத மரியாதைன்னு சொல்லாதீங்க. வெக்கப்பட்டுட்டேன். பெல்ட் கணக்கு தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். ஒழுங்கா அளந்திருந்தா கோடு விழுந்திருக்கும், அப்பவே வைத்தியம் பாத்திருக்கலாம்..."

திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பெல்ட்டை நான்தானே கொடுத்தேன், விடு என்று சொல்லிவிட மாட்டாரா என்கிற நப்பாசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எசெனாலி தன் வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடையில் பேரனைக் குதிரைமேல் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்த மனிதர். கோபமே இல்லாத குரலில் மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நீ தெரிஞ்சவ. அளந்திருக்கலாமே, மகளே?"