தானே அறுத்துக்கொண்ட கழுத்து

விழிஞ்ஞம் கடற்கரையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் திவ்யலட்சுமி ஓடில்லாத ஒரு கடல் நத்தையை வளர்த்துவந்தாள். சுண்டுவிரல் நீளம்; நீரில் மிதக்கும் கொழுந்திலைபோல் பச்சை; மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, சுருங்கிய ஓரத்தில் கறுப்புக் கோடு. பாசியைத் தின்று அதன் பச்சையத்தைச் செரிக்காமல் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும். அதன் உதவியால் செடியைப்போல வெயிலில் கொஞ்ச நாள் பிழைத்துக் கிடக்கும்.

ஒருநாள் காலை தொட்டியைப் பார்த்தாள். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது.

முந்தைய மாலை தண்ணீர் மாற்றியவன் உடன் ஆராய்ச்சி செய்யும் கைலாஷ். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சத்தியமாட்டு நான் அதைத் தொடவே இல்ல சேச்சி. வெள்ளம் மாத்துனேன், அவ்வளவுதான்."

"பின்னே கழுத்து தானா அறுந்து விழுமோ?"

பேராசிரியரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள்.

தலையையாவது பதப்படுத்தி வைக்கலாமென்று இடுக்கியை நீருக்குள் விட்டாள். தலை விலகிப் போனது. ஊர்ந்துபோய்ப் பாசியைப் பற்றித் தின்னத் தொடங்கியது. இடுக்கி அவள் கையைவிட்டு நழுவியது. அந்தப் பக்கம் தலையில்லாத உடலுக்குள் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"இது செத்ததா, உயிரோட இருக்கா?" என்றான் கைலாஷ்.

இருவரும் தேடிப் படித்தார்கள். இந்த இனத்து நத்தை சில நேரம் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளுமாம். உடம்புக்குள் புகுந்த ஒட்டுண்ணியை உதறித் தள்ளவே இப்படிச் செய்கிறதோ என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். படித்து முடித்ததும் திவ்யலட்சுமி அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். சரி சேச்சி என்றான். ஆனால் அதன்பிறகு தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அவளைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னான்.

ஒரு வாரத்துக்குள் தலையின் பின்னால் புது இதயம் துடித்தது. மாதம் முடிவதற்குள் உடல் முழுசாக வளர்ந்துவிட்டது. பழைய உடலுக்குத் தலை முளைக்கவில்லை. தொட்டால் மட்டும் சிலிர்த்துச் சுருங்கும். தூக்கியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. அது வெளுத்து, துடிப்பு நின்று கரையத் தொடங்கியபோது கைலாஷ்தான் எடுத்து அப்புறப்படுத்தினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.