மெருகேறிய மணி

பட்டறைக்காரிக்கு ஒரு பெருமை உண்டு: அவள் கடையிலிருந்து மெருகு ஏறாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. கொழுந்தனை வேலைக்குச் சேர்த்ததிலிருந்து இதைத்தான் அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். அவனும் சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. இன்று அதுவே வினையாகப் போயிற்று.

ஒரு கிழவர் கொடுத்துவிட்டுப் போனது உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை மணி. போரில் மூழ்கிய கப்பலைப் பல வருஷம் கழித்து வெளியே இழுத்தபோது, கடற்படை அதன் பித்தளையை உருக்கி, இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கொரு மணி வார்த்துக் கொடுத்திருந்தது. அவருடைய அண்ணன் அந்தக் கப்பலோடு போனவர், உடல் கிடைக்கவில்லை. மணியின் விளிம்பில் அண்ணனின் படை எண். கழன்ற நாக்கை மாட்டித் தரச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கொழுந்தன் நாக்கையும் மாட்டி, மெருகுச் சக்கரத்திலும் பிடித்துவிட்டான். ஏற்கெனவே தேய்ந்திருந்த எண் சுத்தமாகப் போய்விட்டது.

"எண் அச்சு நம்மகிட்டயே இருக்கே அண்ணி. திரும்ப அடிச்சிடலாம். அவருக்குப் பார்வை வேற மட்டு."

"எண் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கடைசி மட்டும் மூணா எட்டான்னு..."

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அவள் அச்சை விளிம்பில் வைத்துச் சுத்தியலைத் தூக்கினாள். ஓர் எண் மாறினால் அது வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. அதைத்தான் கிழவர் சாகும்வரை தடவிக்கொண்டிருப்பார். நாலு தட்டு தட்டினால் கடையின் பெயர் பிழைத்துவிடும். ஆனால் கை இறங்க மறுத்தது.

அவர் உள்ளே வந்ததும் மணியை அவர் கையில் வைத்தாள்.

"தப்பு நடந்துபோச்சுங்க ஐயா. எண்ணைத் தேய்ச்சுட்டோம். பளபளப்பு இல்லாம எதையும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சது நான்தான். எண்ணைச் சொல்லுங்க, இப்பவே அடிச்சுத் தர்றேன்."

அவர் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். நாலு திட்டுத் திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அது நீ அடிச்ச எண்ணாத்தானேம்மா இருக்கும்? தேய்ச்ச தூள் எங்க?"

"சக்கரத்துக்குக் கீழ, தட்டுல. ஆனா அதுல வேற எவ்வளவோ பித்தளை கலந்து கிடக்குதுங்க."

"எங்கண்ணனும் அங்க எல்லாரோடயும் கலந்துதான் கிடந்தான். பரவாயில்ல, அள்ளிக் குடு."

துடைப்பத்தோடு ஓடிவந்த கொழுந்தனை விலக்கிவிட்டு, அவளே மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அள்ளினாள்.